குளிர்காற்று கடலைக் கடக்கும்போது: ஒரு பயணத்தைப் பின்தொடரக் கற்றுக்கொள்ளும் வழி

குளிர்கால வானிலை வரைபடத்தைப் புதிதாகப் பார்க்கத் தொடங்கும் எவருக்கும் ஒரு தவறான எண்ணம் ஒட்டிக்கொள்ளும். சைபீரியாவிலிருந்து வரும் குளிர்காற்று, ஜப்பானின் மேற்குக் கரையில் கொட்டும் பனியையும் கையோடு கொண்டுவருகிறது என்பது அது. எனக்கும் வெகுநாள் அப்படித்தான் தோன்றியது. உண்மையில் கரையை விட்டுக் கிளம்பும்போது அந்தக் காற்றிடம் பனியாக்கும் அளவுக்கு ஈரமே கிடையாது. எலும்பை உறைய வைக்கும் குளிரும் வறட்சியும் மட்டும்தான் அதன் சொத்து. மேகமும் பனியும் வழியில், கடலின் மேல், சில மணி நேரத்தில் உருவாகின்றவை. அதை நீங்களே வரைபடங்களிலும் செயற்கைக்கோள் படங்களிலும் கண்டு, தோராயமாகக் கணக்கிட்டும் பார்க்க இந்தக் கட்டுரை உதவும். கூட்டல், பெருக்கல் தெரிந்தால் போதும்.

முதல் படி: காற்றின் குளிரைப் பார்க்காதீர்கள், வித்தியாசத்தைப் பாருங்கள்

ஒரே மாதிரியான நிலப்பரப்பின் மேல் பல நாள் தங்கி, அதன் வெப்பத்தையும் ஈரத்தையும் தன்னதாக்கிக்கொண்ட பரந்த காற்றைக் காற்றுத்திரள் என்கிறோம். பனி மூடிய சைபீரியா, வட கனடா, கிரீன்லாந்தின் பனிப்பாளம், உறைந்த ஆர்க்டிக் கடல் ஆகியவை குளிர்ந்த திரள்கள் பிறக்கும் இடங்கள். இந்தத் திரள்களை வகைப்படுத்தும் முறையை 1928இல் முன்வைத்தவர் சுவீடனைச் சேர்ந்த வானிலையாளர் டோர் பெர்கெரோன். அவர் முறையில் ஒரு சின்ன எழுத்து உண்டு. காற்று தனக்குக் கீழே உள்ள பரப்பைவிடக் குளிர்ந்திருந்தால் ‘கே’ என்று சேர்ப்பார்கள். ஜெர்மன் மொழியில் குளிரைக் குறிக்கும் சொல்லின் முதல் எழுத்து அது. பரப்பைவிடக் காற்று சூடாக இருந்தால் ‘டபிள்யூ’.

இந்த ஒற்றை எழுத்தில்தான் முழு விஷயமும் இருக்கிறது என்பேன். 5 டிகிரி செல்சியஸில் இருக்கும் காற்று 15 டிகிரிக் கடலின் மேல் போனால் அடியிலிருந்து கொதிக்கிற பானையைப் போலக் குமுறும். அதே 5 டிகிரிக் காற்று 0 டிகிரிக் கடலின் மேல் போனால் அடங்கிப் படுத்து, மூடுபனியாகிவிடும். எண் ஒன்றுதான், நடத்தை நேரெதிர். ஆகவே எந்தக் காற்றைப் பார்த்தாலும் உடனே கடல்மட்ட வெப்பநிலையை, அதாவது கடலின் மேல்நீரின் வெப்பநிலையை, எடுத்து அதிலிருந்து காற்றின் வெப்பநிலையைக் கழியுங்கள்.

கடல் ஏன் இவ்வளவு அலட்சியமாக வெப்பத்தை வாரி வழங்குகிறது என்பதற்கு ஒரு கணக்கு. வளிமண்டலத்தின் முழு உயரத்தையும் ஒரு டிகிரி சூடாக்கத் தேவையான வெப்பம், கடலின் மேல் இரண்டரை மீட்டர் நீரை ஒரு டிகிரி குளிரவைத்தாலே கிடைத்துவிடும். காற்றுக்குப் பெருஞ்செல்வமாகத் தெரிவது கடலுக்குச் சில்லறை.

இரண்டாம் படி: பாதையை வரையுங்கள்

காற்று எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் புதியவர்கள் காற்றின் திசையைச் சொல்வார்கள். அது போதாது. நேற்று எங்கே இருந்தது, முந்தாநாள் எங்கே இருந்தது என்று பின்னோக்கிப் போக வேண்டும். வட அட்லாண்டிக்கில் கிரீன்லாந்துப் பக்கமிருந்து கிளம்பும் காற்று சில நேரம் நேராக ஐரோப்பாவை அடையும். சில நேரம் தெற்கே வெகுதூரம் இறங்கிச் சுற்றி, பிறகு வடக்கு நோக்கித் திரும்பி வரும். இரண்டாம் வகைக் காற்று தெற்கில் சூடேறி ஈரம் குடித்துவிட்டு, திரும்பும் வழியில் குளிர்ந்த நீரின் மேல் வருவதால் அதன் அடிப்பகுதி அமைதியாகிவிடும். மேலே மட்டும் பழைய குமுறல் மிச்சமிருக்கும். இரண்டுக்கும் பிறப்பிடம் ஒன்றுதான். வந்து சேரும்போது முகம் வேறு.

பாதையோடு நீரின் மேல் ஓடிய தூரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். வட அமெரிக்காவின் பேரேரிகளில் குறிப்பிடத்தக்க பனிப்பட்டை உருவாக ஏறத்தாழ 100 கிலோமீட்டர் நீர்ப்பரப்பாவது வேண்டும் என்பது நடைமுறை அளவு. ஏரி ஏரியாக இதைப் பார்ப்பது நல்ல பயிற்சி. ஈரி ஏரியின் நீளம் ஏறத்தாழ 388 கிலோமீட்டர், அகலம் 100 கிலோமீட்டரை எட்டாது. காற்று குறுக்காக வீசினால் மெல்லிய பல பட்டைகள். நீளவாக்கில் வீசினால் எல்லாம் ஒன்றுசேர்ந்து ஒரே தடித்த பட்டை, அது ஏரியின் கிழக்கு முனையில் உள்ள பஃபலோ நகர்ப்பகுதியில் போய் நிற்கும். 2014 நவம்பரில் அப்படி நின்ற பட்டையால் புறநகர்கள் சிலவற்றில் ஒன்றரை மீட்டருக்கு மேல் பனி குவிந்தது. சில கிலோமீட்டர் தள்ளி இருந்தவர்களுக்குச் சில சென்டிமீட்டர்தான்.

மூன்றாம் படி: கொடுக்கல் வாங்கலைக் கணக்கிடுங்கள்

இந்தப் படியில் கொஞ்சம் நின்று நிதானமாகப் போக வேண்டும்.

கடல் இரண்டு வழிகளில் காற்றுக்கு வெப்பம் தருகிறது. ஒன்று, தொட்டுச் சூடாக்குவது. இதை உணர்வெப்பம் என்பார்கள். மற்றது, நீராவியாகக் கொடுப்பது. அந்த நீராவி மேலே போய் மேகத்துளியாகும்போதுதான் வெப்பம் வெளிவரும். அதனால் உள்ளுறை வெப்பம். முதலாவது கையில் கொடுத்த பணம், இரண்டாவது பின்தேதியிட்ட காசோலை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உணர்வெப்பத்துக்கு ஒரு கைக்கணக்கு: காற்றின் வேகத்தை (விநாடிக்கு மீட்டரில்) வெப்பநிலை வித்தியாசத்தால் பெருக்கி, ஒன்றரையால் பெருக்குங்கள். சதுர மீட்டருக்கு இத்தனை வாட் என்று விடை வரும். வேகம் 15, வித்தியாசம் 20 டிகிரி என்றால் 450 வாட். உள்ளுறை வெப்பத்துக்கு: ஒரு கிலோ காற்றில் கடலை ஒட்டி இருக்கக்கூடிய நீராவிக்கும் உண்மையில் காற்றில் இருக்கும் நீராவிக்கும் உள்ள வித்தியாசத்தைக் கிராமில் எடுத்து, வேகத்தால் பெருக்கி, நான்கால் பெருக்குங்கள். 10 டிகிரிக் கடலை ஒட்டி ஏறத்தாழ ஏழரை கிராம் இருக்கலாம்; −10 டிகிரியில் வரும் காற்றிடம் ஒன்றரை கிராம்கூட இருக்காது. வித்தியாசம் 6, வேகம் 15 என்றால் 360 வாட். இரண்டும் சேர்ந்து 800 வாட்டைத் தாண்டுகிறது. அமெரிக்காவின் கிழக்குக் கரையோரம் ஓடும் சூடான வளைகுடா நீரோட்டத்தின் மேலும், ஜப்பானை ஒட்டி ஓடும் சூடான குரோஷியோ நீரோட்டத்தின் மேலும் கடுங்குளிர் பாயும் நாட்களில் இந்தத் தொகை 1000 வாட்டைக் கடப்பதுண்டு. குளிர்கால இரவில், சூரியனே இல்லாத நேரத்தில், கடல் இப்படி எரிந்துகொண்டிருக்கிறது.

நீராவிக் கணக்கில் ஒரு நுணுக்கம் உண்டு. −15 டிகிரிக் காற்று கிலோவுக்கு 1.2 கிராம் அளவு நீராவியைத்தான் தாங்கும். 0 டிகிரியில் 3.8 கிராம், 10 டிகிரியில் 7.6 கிராம். பத்து டிகிரி ஏறினால் ஏறத்தாழ இரு மடங்கு. ஆகவே சூடான கடலின் மேல் உள்ளுறை வெப்பத்தின் பங்கு பெரிதாகும். உறைநிலைக்கு அருகில் இருக்கும் வடகடல்களில் உணர்வெப்பமே பெரும்பங்கு வகிக்கும்.

இனி ஒரு பயணத்தை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். ரஷ்யாவின் கிழக்குக் கரையில் உள்ள விளாடிவோஸ்டாக்கிலிருந்து ஜப்பானின் நோட்டோ தீபகற்பத்தில் உள்ள வாஜிமா வரை ஏறத்தாழ 750 கிலோமீட்டர். வடமேற்குக் காற்று விநாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் வீசினால் 14 மணி நேரத்தில் வந்துவிடும். கிளம்பும்போது −15 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். கரையருகே கடல் 2 டிகிரி, வாஜிமா பக்கம் 10 டிகிரி. வழிநெடுக உணர்வெப்பம் சராசரியாக 300 வாட் கிடைத்தால், ஒன்றரை கிலோமீட்டர் உயரக் காற்றை அது எட்டு டிகிரி சூடாக்கப் போதும். ஆனால் வாஜிமாவில் வந்து சேரும் காற்று பெரும்பாலும் 0 டிகிரியை ஒட்டியே இருக்கும். மீதி ஏழு டிகிரி எங்கிருந்து வந்தது?

முதல் விடை, காசோலை வழியிலேயே மாறிவிட்டது. மேகத்தில் நீராவி துளியாகிப் பனியாகி வெப்பத்தை விட்டது. இரண்டாவது விடைதான் பலர் மறப்பது: மேலிருந்து வந்தது. கரையில் தரையை ஒட்டிய காற்றுதான் மிகக் குளிர்ந்தது. அதற்கு மேலிருக்கும் காற்று அந்த அளவு குளிர்ந்ததல்ல. அடியிலிருந்து எழும் குமுறல் அந்த மேல்காற்றைக் கடைந்து கீழே இழுத்துக் கலக்கிறது. கடல் மட்டுமே சூடாக்குகிறது என்று எண்ணினால் கணக்கு எப்போதும் குறைவாகவே வரும்.

இதையெல்லாம் அளந்து பார்க்கவே 1974, 1975 ஆகிய ஆண்டுகளின் பிப்ரவரி மாதங்களில் ஒகினாவாவைச் சுற்றியுள்ள கடலில் ‘காற்றுத்திரள் உருமாற்றப் பரிசோதனை’ என்ற பன்னாட்டு ஆய்வு நடந்தது. 2019 டிசம்பர் முதல் 2020 மே வரை வட நார்வேயிலும் பியர் தீவிலும் இதே நோக்கில் இன்னொரு கள ஆய்வு நடந்தது. அரை நூற்றாண்டு கழித்தும் இந்தக் கேள்வி ஆறிப்போகவில்லை.

நான்காம் படி: மூடியைக் கண்டுபிடியுங்கள்

வெப்பமும் ஈரமும் கிடைத்த காற்று எவ்வளவு உயரம் எழும் என்பதை ஒரு மூடி தீர்மானிக்கிறது. வழக்கமாக உயரம் கூடக் கூட வெப்பநிலை குறையும். குளிர்த்திரளின் மேல்விளிம்பில் அது தலைகீழாகி, மேலே போகப் போகச் சூடு கூடும். அந்த அடுக்கில் மோதும் காற்று அதற்குமேல் எழ முடியாமல் பக்கவாட்டில் பரவும். மூடி ஒரு கிலோமீட்டரில் இருந்தால் தூறல் பனி. மூன்று நான்கு கிலோமீட்டரில் இருந்தால் இடியோடு கூடிய பனிப்பொழிவுகூட வரலாம்.

மூடியைப் பார்க்க வானிலை பலூன் தரவு வேண்டும். உலகெங்கும் நாளுக்கு இருமுறை, உலகப் பொது நேரப்படி 0 மணிக்கும் 12 மணிக்கும் பலூன்கள் ஏறுகின்றன. வயோமிங் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் இந்தத் தரவுகள் படமாகவும் பட்டியலாகவும் இலவசமாகக் கிடைக்கின்றன. விளாடிவோஸ்டாக்கின் வானிலை நிலைய எண் 31977, வாஜிமாவின் எண் 47600. காற்று கடக்கும் நேரம் 14 மணி என்று கண்டோம் அல்லவா? ஆகவே விளாடிவோஸ்டாக்கின் 0 மணிப் படத்தையும் வாஜிமாவின் 12 மணிப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். உலகப் பொது நேரத்தை உள்ளூர் நேரத்தோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். நான் ஒருமுறை குழப்பி, அரை நாள் பிந்திய காற்றை வைத்துக்கொண்டு ஏன் ஒன்றும் பொருந்தவில்லை என்று மண்டையை உடைத்துக்கொண்டேன்.

படத்தில் இரண்டு கோடுகள் இருக்கும்: வெப்பநிலை, பனிப்புள்ளி (காற்றைக் குளிரவைத்தால் அதிலுள்ள நீராவி துளியாகத் தொடங்கும் வெப்பநிலை). முதல் படத்தில் இரண்டும் இடப்பக்கமாக, குளிரில் ஒதுங்கியிருக்கும். அடியில் வெப்பநிலைக் கோடு ஏறக்குறைய நிமிர்ந்து நிற்கும். இரண்டாம் படத்தில் அடிப்பகுதி வலப்பக்கம் நகர்ந்து, கோடு சீராகச் சாய்ந்து, மேகம் இருக்கும் உயரத்தில் பனிப்புள்ளிக் கோட்டோடு ஒட்டிக்கொள்ளும். இரண்டும் சட்டென்று பிரியும் இடத்தில் மூடி. முதல் படத்தில் மூடி எங்கே, இரண்டாவதில் எங்கே என்று குறியுங்கள். கடல் செய்த வேலையின் அளவு அதுதான்.

பலூன் தரவு இல்லாத இடத்தில் ஒரு குறுக்குவழி. 850 ஹெக்டோபாஸ்கல் அழுத்த மட்டம் ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும். நீர்ப்பரப்புக்கும் அந்த மட்டத்துக்கும் 13 டிகிரி அல்லது அதற்குமேல் வித்தியாசம் இருந்தால் அடியிலிருந்து எழும் காற்று தடையின்றி ஏறும் என்று பேரேரிப் பகுதி வானிலையாளர்கள் வைத்திருக்கிறார்கள். 13 என்பது வானத்திலிருந்து விழுந்த எண்ணல்ல. வறண்ட காற்று ஒரு கிலோமீட்டர் ஏறினால் ஏறத்தாழ 9.8 டிகிரி குளிரும். அந்த உயரத்துக்குப் பெருக்கிப் பாருங்கள், அருகில் வந்து நிற்கும்.

ஐந்தாம் படி: மேகங்களின் எழுத்தைப் படியுங்கள்

நாசாவின் ‘வேர்ல்ட்வியூ’ தளத்தில் எந்த நாளின் செயற்கைக்கோள் படத்தையும் பார்க்கலாம். ஜப்பான் கடலை 2022 டிசம்பர் முதல் ஹிமாவாரி-9 பத்து நிமிடத்துக்கு ஒருமுறை படமெடுக்கிறது. டிசம்பர், ஜனவரி மாதங்களில் வடதுருவத்தை ஒட்டிய கடல்களில் வெயிலே இல்லாததால் அங்கே அகச்சிவப்புப் படமே கதி. அதில் கவனமாக இருங்கள். தாழ்வான மேகத்தின் உச்சியும் பனி மூடிய நிலமும் ஒரே வெப்பநிலையில் இருந்தால் இரண்டும் ஒரே சாம்பல் நிறமாகத் தெரியும்.

படத்தைக் காற்று வரும் திசையிலிருந்து படியுங்கள். கரையை அல்லது பனிக்கட்டி விளிம்பை ஒட்டி முதலில் மேகமே இல்லாத ஒரு பட்டை இருக்கும். இதைத்தான் நான் தொடக்கத்தில் ‘நல்ல வானிலை’ என்று நினைத்தேன். அங்கேதான் கடல் மிக மூர்க்கமாக வெப்பத்தை இழந்துகொண்டிருக்கிறது; காற்று இன்னும் மேகம் கட்டும் அளவுக்கு ஈரம் சேர்க்கவில்லை, அவ்வளவே. கப்பலில் நின்று பார்த்தால் நீரிலிருந்து புகைபோல ஆவி எழுவதைக் காணலாம். கரைக்கும் முதல் மேகத்துக்கும் இடையிலான இந்தத் தூரத்தை ஜப்பானிய வானிலையாளர்கள் ஓர் அளவுகோலாகவே வைத்திருக்கிறார்கள். தூரம் குறையக் குறையக் குளிர்காற்றின் வீரியம் அதிகம்.

அடுத்து, காற்றின் போக்கிலேயே நீளும் இணைகோட்டு மேகங்கள். இவற்றை மேக வீதிகள் என்பார்கள். கிடைமட்டமாக உருளும் காற்றுச் சுருள்களின் எழுமிடத்தில் மேகமும் இறங்குமிடத்தில் வெற்றிடமும் அமைவதால் இந்த வரிசை. இரு வீதிகளுக்கு இடையிலான தூரம் குமுறும் அடுக்கின் உயரத்தைப்போல இரண்டு, மூன்று மடங்கு இருக்கும். அதனால் படத்தை அளந்தே மூடியின் உயரத்தை ஊகிக்கலாம். கீழ்க்காற்றுப் போக்கில் போகப் போக வீதிகள் அகன்று, ஓர் இடத்தில் உடைந்து, தேன்கூடு போன்ற திறந்த வளையங்களாகும். நடுவில் வெற்றிடம், சுற்றிலும் மேகம். ஒவ்வொன்றும் பத்து முதல் ஐம்பது கிலோமீட்டர் அகலம். 1960இல் வானிலைச் செயற்கைக்கோளான டைரோஸ்-1 படமெடுக்கும் வரை இப்படி ஒரு அமைப்பு கடலின் மேல் இருப்பதைக் கண்ணால் கண்டவர் கிடையாது. தரையிலிருந்து பார்ப்பவருக்கு அது வெயிலும் பனித்தூறலும் மாறி மாறி வரும் நாள், அவ்வளவுதான்.

வீதிகள் இல்லாமல் மேகங்கள் குழம்பியிருந்தால் மேல்காற்றின் திசையைப் பாருங்கள். கடல்மட்டத்துக்கும் 700 ஹெக்டோபாஸ்கல் மட்டத்துக்கும் (ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் உயரம்) இடையே காற்றின் திசை 30 டிகிரிக்குள் மாறினால் பட்டைகள் கட்டுக்கோப்பாக இருக்கும். 60 டிகிரியைத் தாண்டினால் சிதறிவிடும்.

ஆறாம் படி: விதிவிலக்குகளைத் தேடுங்கள்

வட கொரியா, சீன எல்லையில் பெக்து மலை 2744 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. குளிர்காற்று அதிலும் அதைச் சுற்றிய மலைகளிலும் முட்டி இரண்டாகப் பிரிந்து, ஜப்பான் கடலின் மேல் மறுபடி சேர்கிறது. சேருமிடத்தில் தடித்த மேகப்பட்டை ஒன்று நீளும். அது கரையைத் தொடும் இடத்தில்தான் அந்த நாளின் மிகக் கனத்த பனி. சிறு வீதிகளிடையே ஒரு பெருவீதி தெரிந்தால் அதன் வேரை நோக்கிப் போங்கள். மலையோ தீபகற்பமோ இருக்கும்.

சில நேரம் தேன்கூட்டு மேகங்களிடையே ஒரு சுருள் உருவாகும். துருவத் தாழ்வு என்று பெயர். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலம், பெரும்பாலும் இரண்டு நாளுக்குள் ஆயுள் முடிந்துவிடும், ஆனால் புயல்வேகக் காற்று. நார்வே கடல், பேரன்ட்ஸ் கடல் ஆகியவை இதற்குப் பேர்போனவை. கடலின் மேல்நீருக்கும் 500 ஹெக்டோபாஸ்கல் மட்டத்துக்கும் (ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் உயரம்) வெப்பநிலை வித்தியாசம் 43 டிகிரியைத் தாண்டினால் அங்கே கண்வையுங்கள். அந்தக் கடல்களில் மீன்பிடிப்போருக்கு இன்னோர் ஆபத்தும் உண்டு. தெறிக்கும் நீர் கப்பல்மேல் உறைந்து, எடை கூடிக் கவிழ்த்துவிடும்.

நீர்ப்பரப்பு உறைந்துவிட்டால் ஆட்டம் முடிந்தது. ஆழம் குறைந்த ஈரி ஏரி பல குளிர்காலங்களில் பெரும்பாலும் உறைந்துபோகும். பிறகு எவ்வளவு குளிர்ந்த காற்று வந்தாலும் அதற்கு அது வெறும் நிலம். கடற்பனி வரைபடத்தைப் பார்க்காமல் கணக்குப் போடாதீர்கள்.

ஏழாம் படி: கரையில் இறங்கும் இடம்

சுமை நிறைந்த காற்றை மலை ஏற வைத்தால் மீதியும் கொட்டிவிடும். ஜப்பானில் இபுகி மலையில் 1927 பிப்ரவரி 14 அன்று 1182 சென்டிமீட்டர் பனி ஆழம் அளக்கப்பட்டது. ஆனால் எப்போதும் மலைக்குத்தான் அதிகம் என்று எண்ணிவிடாதீர்கள். ஜப்பானியர் ‘மலைப் பனி’, ‘ஊர்ப் பனி’ என்று இரண்டாகப் பிரிக்கிறார்கள். பருவக்காற்று பலமாக வீசினால் மேகங்கள் சமவெளியைத் தாண்டிப்போய் மலையில் கொட்டும். காற்று தளர்ந்து, மேலே ஐந்து கிலோமீட்டர் உயரத்தில் கடுங்குளிர் வந்து மூடியைத் தூக்கிவிட்டால் கரையிலேயே, ஊருக்குள்ளேயே கொட்டும். கடலை ஒட்டிய சமவெளியில் இருக்கும் தக்காதாவில் 1945 பிப்ரவரி 26 அன்று 377 சென்டிமீட்டர் பனி நின்றது.

பயிற்சியாக ஒரு குளிர்பாய்ச்சலை எடுத்து இந்தப் படிகளை வரிசையாகப் போட்டுப் பாருங்கள். பிறகு அதே கடலில் நான்கைந்து நாள் கழித்து வரும் அடுத்த பாய்ச்சலையும் போடுங்கள். இப்போது கடல்மட்ட வெப்பநிலையை மறுபடி எடுக்க வேண்டும், பழைய எண்ணை வைத்துக்கொள்ளக் கூடாது. காற்றுக்குக் கொடுத்தது கடலின் கணக்கில் கழிந்திருக்கும். குளிர்ந்த மேல்நீர் கனத்து மூழ்க, அடியிலுள்ள நீர் மேலே வந்திருக்கும். கனடாவுக்கும் கிரீன்லாந்துக்கும் இடையே உள்ள லாப்ரடார் கடலில் கடுமையான குளிர்காலங்களில் இந்தக் கலப்பு 2000 மீட்டர் ஆழம்வரை இறங்கியிருக்கிறது.